பற்று நோட்டு

அப்பாவின் கடையில் மாத்திரை வெட்டுவதற்கென்றே ஒரு கத்தரிக்கோல் இருந்தது. ஒரு முனை ஒடிந்தது. கல்லாப்பெட்டிக்கு மேலே சணல் கயிற்றில் தொங்கும். அதன் பக்கத்தில் ஷாம்புப் பாக்கெட் சரம், பாக்குப் பொட்டலச் சரம், இரண்டுக்கும் நடுவில் தலைவலி மாத்திரை அட்டைகள். "அண்ணாச்சி, மாத்திரை ஒண்ணு குடுங்க" என்று வந்து நிற்பவரிடம் என்ன மாத்திரை என்று அப்பா கேட்கமாட்டார். முகத்தைப் பார்ப்பார். அட்டையை இழுத்து ஒன்றை மட்டும் சதுரமாக வெட்டிக் கொடுப்பார்.

வெட்டுவதில் ஒரு முறை வைத்திருந்தார். காலாவதித் தேதி அச்சடித்த முனை கடைசிவரை கடையில் இருக்கவேண்டும் என்பதால் எதிர்முனையிலிருந்து வெட்டிக்கொண்டு வருவார். பத்தாவது மாத்திரை வாங்குகிறவருக்குத்தான் தேதி கிடைக்கும். மற்ற ஒன்பது பேருக்கும் அண்ணாச்சியின் வாய்ச்சொல்தான் தேதி. அவரும் தேதி கடந்த அட்டையை ஒருநாளும் விற்றதில்லை. கடந்து கிடக்கும் அளவுக்கு எங்கள் கடையில் அட்டை எதுவும் தங்கியதுமில்லை.

கோவில்பட்டிக்கும் சாத்தூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டில் இருக்கிறது எங்கள் ஊர். மழை பெய்தால் பருத்தி, உளுந்து. பெய்யாவிட்டால் தீப்பெட்டி ஆபீஸ். மேசை, நாற்காலி, மின்விசிறி என்று எதையும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். தீப்பெட்டித் தொழிற்சாலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். விடியுமுன்னே வேன் வந்துவிடும். பெண்கள் முந்தின நாள் சோற்றைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு அரைத் தூக்கத்தில் ஏறுவார்கள். நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து சட்டத்தில் குச்சி அடுக்க வேண்டும். பக்கத்துக் கொட்டகையிலிருந்து கந்தகமும் வஜ்ஜிரமும் கலந்த நெடி வரும். குச்சி முனையை முக்குகிற கலவைக்கும் மருந்து என்றுதான் பெயர். ஆகையால் சின்ன வயதில் எனக்கு 'மருந்து' என்றாலே முதலில் அந்த மருந்துதான். தலைவலிக்குப் போடுவது 'மாத்திரை'.

தூக்கக் குறைவு, காலையில் வெறும் வயிறு, வெயில், நெடி. ஒற்றைத் தலைவலியைக் கிளப்பிவிடுகிற காரணங்கள் என்று பிற்பாடு ஒரு மருத்துவர் எனக்குச் சொன்ன பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் அந்த வேன் தினமும் ஏற்றிக்கொண்டு போனது. இந்த வலி ஆண்களைவிடப் பெண்களுக்கு ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகம். ஊரில் அப்படி ஒரு கணக்கு யாருக்கும் தெரியாது. "பொம்பளைக்கு மண்டையிடி இல்லாம இருக்குமா" என்பார்கள். குச்சி அடுக்கிய சட்டத்துக்கு இவ்வளவு என்பதுதான் கூலி. படுத்தால் அன்றைக்கு ஒன்றுமில்லை. சாயங்காலம் வேனிலிருந்து இறங்கி ஒரு மாத்திரை, காலையில் ஏறும்போது முந்தானையில் முடிந்துகொள்ள இன்னொன்று.

எங்கள் கடையில் வெறும் பாரசிட்டமால் உண்டு, ஆஸ்பிரின் உண்டு, சாரிடான் உண்டு. சாரிடான் என்பது மூன்று சரக்குக் கலவை என்பதை அட்டையின் பின்பக்கத்தைப் படித்துத் தெரிந்துகொண்டது ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இன்றைய அட்டையில் பாரசிட்டமால் 250 மில்லிகிராம், புரோபிஃபெனசோன் 150, காபீன் 50 என்று போட்டிருக்கிறது. காபீன் வலிமாத்திரையின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டும். ஆனால் அதற்குப் பழகிய தலைக்கு ஒருநாள் கிடைக்காமல் போனால் அதுவே வலியைக் கொண்டுவரும். எங்கள் ஊர்ப் பெண்கள் எந்த மாத்திரையையும் டீயில்தான் விழுங்கினார்கள்.

ஒரு சங்கதியை ஒத்துக்கொள்ள வேண்டும். அப்பா செய்தது சட்டப்படி குற்றம். 1945-ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 'கே' அட்டவணை என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்பிரின், பாரசிட்டமால், தைலம் போன்ற வீட்டு மருந்துகளை மருந்துக்கடை உரிமம் இல்லாமலும் விற்கலாம் என்று அது விலக்குத் தருகிறது. ஆனால் ஊரின் ஜனத்தொகை ஆயிரத்துக்கு மேல் இருக்கக்கூடாது, மருந்தைப் பிரிக்காத மூலப் பொதியாகத்தான் விற்கவேண்டும். எங்கள் ஊரில் ஆயிரத்துக்கும் மேலே ஆள் இருந்தார்கள். கத்தரிக்கோலும் இருந்தது.

கடனுக்கு வாங்குவதெல்லாம் பற்று நோட்டில் ஏறும். நீளவாக்கு நோட்டு, வீட்டுக்கு ஒரு பக்கம். 'தே.எ. 100', 'து.ப. கால்', 'மா 1'. மா என்றால் மாத்திரை. அரிசி மாவு, கோதுமை மாவு எல்லாம் முழுசாக எழுதப்படும், குழப்பம் வரக்கூடாது என்று. நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்திலிருந்து நட்டக் கணக்கு: உடைந்த முட்டை, சிந்திய எண்ணெய், எலி கடித்த சாக்கு. அப்பாவுக்கு எதுவும் எழுதாமல் போகக்கூடாது.

அம்மாவுக்கு வலி வரும் நாள் எனக்கு முன்கூட்டியே தெரியும். காலையில் கொட்டாவி விட்டுக்கொண்டே இருப்பாள். இட்லிக்கு ஊறப்போட்டதை எடுத்து உடனே திரும்ப வைப்பாள். பத்து மணிக்கு மேல் வலது புருவத்தைப் பெருவிரலால் அழுத்த ஆரம்பிப்பாள். ஆனாலும் மாத்திரை போடமாட்டாள். "பொறுத்துப் பாப்போம்" என்பாள். அடுப்பு வேலை முடிந்து, அப்பாவைக் கடையிலிருந்து சாப்பிட அனுப்பி, கடையில் உட்கார்ந்து, இனி கண்ணைத் திறக்க முடியாது என்கிற கட்டத்தில்தான் கயிற்றை இழுப்பாள். பிறகு வீட்டுக்குள் வந்து ஈரத் துண்டைத் தலையில் இறுக்கிக் கட்டிக்கொண்டு நெல் குதிருக்கும் சுவருக்கும் இடையில் இருக்கும் இருட்டில் படுப்பாள். அங்கே கொசு அதிகம். வெளிச்சத்துக்குக் கொசு தேவலை.

ஒரு நாள் பித்தளைச் சட்டியை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். மஞ்சளாக வாந்தி. அதில் மாத்திரை கிடந்தது. போட்டு முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும். ஓரம் மட்டும் லேசாகக் கரைந்து, நடுவில் பொறித்த கோடுகூட அழியாமல், போட்டது போட்டபடி. நான் அதைக் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "பித்தம் இறங்கிட்டு, இனி தூங்கிருவேன்" என்றாள்.

ஒற்றைத் தலைவலி ஏறும்போது இரைப்பை வேலைநிறுத்தம் செய்துவிடுகிறது. உள்ளே போனது கீழே இறங்குவதில்லை. இறங்கிக் குடலுக்குப் போனால்தான் மாத்திரை ரத்தத்தில் கலக்கும். ஆகவே வலி ஆரம்பிக்கும்போதே போட்டால் கேட்கிற மாத்திரை, முற்றிய பிறகு போட்டால் சட்டியில்தான் விழும். சில மருத்துவர்கள் வலிமாத்திரையோடு வாந்தியை நிறுத்தும் மாத்திரையும் சேர்த்துத் தருவது இதற்காகவும்தான். அம்மாவின் பொறுமை வீண்போனது அங்கேதான். இதை நான் தெரிந்துகொண்டது அவளுக்குப் பயன்படாத காலத்தில்.

எனக்கு முதல்முறை வந்தது 1986-ல், ஏழாம் வகுப்பில். கரும்பலகையில் சார் எழுதிய கணக்கில் ஒரு இலக்கம் காணாமல் போயிற்று. கண்ணைத் திருப்பினால் அது தெரிகிறது, பக்கத்து இலக்கம் மறைகிறது. பிறகு அந்த ஓட்டையின் ஓரத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெளிச்ச வளைவு துடித்தது, பெரிசாகி, இருபது நிமிடத்தில் கண்ணின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. அதன் பின்னால் வலி வந்தது. கார்ல் லாஷ்லி என்ற அமெரிக்க உளவியலாளர் தன் கண்ணில் ஓடிய இதே வளைவைத் தாளில் வரைந்து நேரம் குறித்து, மூளையின் மேற்பரப்பில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வேகத்தில் நகர்கிறது என்று 1941-ல் கணக்குச் சொல்லியிருக்கிறார். அந்தக் கணக்கு சரி என்று பிறகு தெரிந்தது. எனக்கோ கண் போய்விட்டது என்றே நினைப்பு. அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தேன். அம்மா என் முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒனக்கும் வந்துட்டா?"

ஏதோ விருந்தாளி வந்ததுபோல் கேட்டாள். சுக்கை உரசி நெற்றியில் பற்றுப் போட்டாள். தோல் எரிந்தது. அந்த எரிச்சலில் உள்வலி கொஞ்சம் மறந்தது உண்மை. அமிர்தாஞ்சனமும் அதே கதைதான். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் அந்த மஞ்சள் தைலத்தை 1893-ல் பம்பாயில் ஆரம்பித்தார், 1914-ல் சென்னைக்கு வந்தது. அதன் வாசம் எங்கள் வீட்டுத் தலையணைகளில் நிரந்தரம். பிற்பாடு வலியின்போது அந்த வாசமே எனக்கு ஆகாமல் போனது தனிக் கதை. சாயங்காலம் அப்பா ஒரு மாத்திரையை இரண்டாக ஒடித்து எனக்குப் பாதி கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் வலி போயிற்று. இதைப்போல ஓர் அதிசயத்தை நான் அதுவரை கண்டதில்லை. இப்போதும் சொல்கிறேன், கேட்கிற நாளில் அந்த மாத்திரையைப்போல ஒரு நல்ல பொருள் கிடையாது. இந்தக் கட்டுரை மாத்திரைக்கு எதிரானது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

1991 சித்திரையில் அம்மா கொல்லையிலிருந்து வந்து, "மேலுக்குச் சொகமில்ல" என்று திண்ணையில் சரிந்தாள். நாலைந்து நாளாகக் கறுப்பாகத் தார் மாதிரிப் போயிருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனோம். இரைப்பையில் புண், அதிலிருந்து ரத்தம். மருத்துவர் முதலில் கேட்ட கேள்வி, "வலி மாத்திரை சாப்பிடுவீங்களாம்மா?" இரைப்பையின் உள்சுவரை அதன் சொந்த அமிலத்திலிருந்து காக்கிற பூச்சு ஒன்று உண்டு. அது சுரக்கத் தூண்டுகிற அதே பொருளைத்தான் ஆஸ்பிரின் வலிக்காக அடக்குகிறது. வெறும் வயிற்றில் டீயோடு போட்டால் என்ன ஆகும் என்று அவர் விளக்கினார்.

"மாசத்துக்கு எத்தனை போடுவீங்க?"

"எப்பமாவது ஒண்ணு" என்றாள் அம்மா.

மருத்துவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரக்குக் கணக்கு முழுசும் மனப்பாடமாக வைத்திருக்கிற மனிதர் வாயே திறக்கவில்லையே என்று எனக்கு அப்போது கோபம் வந்தது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஆஸ்பிரின் நின்றது, பாரசிட்டமால் வந்தது. அம்மாவின் வலி ஐம்பத்திரண்டு வயதில், மாதவிலக்கு நின்ற மறுவருடம், சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டது. பலருக்கு அப்படிப் போகும் என்கிறார்கள். போனது அவளுக்கே ஐந்தாறு மாதம் கழித்துத்தான் உறைத்தது.

என்னுடையது அப்போது உச்சத்தில் இருந்தது. சென்னையில் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிற வேலை. எழுத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறவளுக்கு எழுத்தைத் தின்கிற நோய். 'அவன்' என்று இருப்பதில் 'அ'வைக் காணவில்லை என்று திருத்தக்குறி போட்டுவிட்டு, போட்ட குறியும் பாதி தெரியாதபோதுதான் விஷயம் புரியும். கைப்பையில் கையை விடுவேன். பையில் எப்போதும் அட்டை இருந்தது. அது எந்த மாத்திரை என்று பெயர் சொல்லப்போவதில்லை. கலவை மாத்திரை ஒன்று. எதுவாக இருந்தாலும் கதை இதேதான். தெருமுனை மருந்துக்கடைத் தம்பி என் தலை தெரிந்ததும் எடுத்து வைத்துவிடுவான். ஒரு நாள் அவனே, "இதவிட ஸ்ட்ராங்கா ஒண்ணு இருக்குக்கா" என்று எர்காட்டமின் கலந்த அட்டையை நீட்டினான். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்பதற்கான சிவப்புக் கோடு அட்டையில் நீளமாக ஓடியது. அவனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

வாரத்துக்கு ஒன்று என்பது மூன்றாயிற்று. பிறகு எண்ணவில்லை. 2009-ல் என் வலிக்கு ஒரு புதுக் குணம் வந்திருந்தது. ரம்பப் பல் இல்லை, வாந்தி இல்லை, ஒரு பக்கம் என்பதும் இல்லை. விடியற்காலை நாலு மணிக்குத் தலை முழுக்க மந்தமாக ஒரு வலி என்னை எழுப்பும். மாத்திரை போட்டால் போகும். மறுநாள் நாலு மணிக்குத் திரும்ப வரும். கந்துவட்டிக்காரன்கூட ஞாயிற்றுக்கிழமை விடுவான்.

நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போனேன். என்னைவிட இளையவர்.

"மாசத்துல எத்தனை நாள் மாத்திரை போடறீங்க?"

"வலிச்சாப் போடுவேன் டாக்டர்."

"எத்தனை நாள் வலிக்குது?"

"தினமும்."

அவர் பேனாவை மூடி வைத்தார். "உங்களுக்கு இப்ப ரெண்டு தலைவலி இருக்கு. ஒண்ணு அம்மா குடுத்தது. இன்னொண்ணு மாத்திரை குடுக்கறது." வெறும் பாரசிட்டமால், இபுப்ரோஃபென் மாதிரி ஒற்றை மருந்து என்றால் மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, கலவை மாத்திரையோ எர்காட்டமினோ டிரிப்டான் வகையோ என்றால் 10 நாளோ அதற்கு மேலோ, இப்படி மூன்று மாதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால், ஒற்றைத் தலைவலி உள்ள தலை அந்த மாத்திரையையே வலிக்குக் காரணமாக்கிக்கொள்ளும் என்றார். மாத்திரைக் கணக்கு வேண்டாம், நாள் கணக்கு போதும். ஒரு நாளில் இரண்டு போட்டாலும் அது ஒரு நாள். தினசரிக் காலண்டர் தாளில் போட்ட நாளுக்கு ஒரு புள்ளி வைக்கச் சொன்னார். அம்மா பொறுத்துப் பொறுத்துக் கெடுத்தாள், நான் பொறுக்காமலே கெடுத்துக்கொண்டேன் என்று அன்றைக்குப் பேருந்தில் வரும்போது தோன்றியது.

மாத்திரையை நிறுத்துவதுதான் வைத்தியம். ஒன்பது நாள். அதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. முதல் மூன்று நாள் ஜன்னலில் போர்வையைக் கட்டி, வாளியைப் பக்கத்தில் வைத்துப் படுத்திருந்தேன். மாடி வீட்டில் யாரோ தாளித்த கடுகு ஒவ்வொன்றாக என் தலைக்குள் வெடித்தது. காபியையும் குறைத்திருந்ததால் எந்த வலி எதனுடையது என்று பிரிக்க முடியவில்லை. இரவில் அமிட்ரிப்டிலின் 10 மில்லிகிராம். வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டும், ஆனால் தூக்கம் வந்தது. பத்தாம் நாள் நாலு மணிக்கு விழிப்பு வந்து, வலிக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. பால்காரர் வந்தார்.

பிறகு வந்ததெல்லாம் பழைய, நியாயமான வலி. மாதத்துக்கு நாலைந்து முறை, ரம்பப் பல்லோடு. அதற்கு நாப்ராக்ஸனும் டொம்பெரிடோனும்; வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் கூடாது, வயிற்றில் ஏதாவது போட்டுக்கொண்டு, ஆரம்பித்த உடனே, முழு அளவு. கேட்காத நாளும் உண்டு. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்க்கிற காக்ரேன் தொகுப்பு ஒன்றைப் பின்னர் படித்தேன். இபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் போட்ட நூறு பேரில் இரண்டு மணி நேரத்தில் வலி அறவே நின்றவர்கள் 26 பேர். மருந்தில்லாத வெற்று மாத்திரை போட்டவர்களில் 12 பேர். முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு ஒரு ஆறுதல்: எனக்குக் கேட்காமல் போனது என் தலையின் குற்றமில்லை.

அப்பா 2014-ல் போனார். தம்பி கடையைப் பார்க்கிறான். 2018 செப்டம்பரில் அரசாங்கம் 328 கலவை மருந்துகளைத் தடைசெய்தபோது சாரிடானும் அந்தப் பட்டியலில் இருந்தது. தம்பி போனில், "யக்கா, தொங்குதத என்ன செய்யட்டும்?" என்றான். நான் பதில் யோசிப்பதற்குள் உச்ச நீதிமன்றம் விற்கலாம் என்று சொல்லிவிட்டது. 1988-க்கு முன்பிருந்தே விற்பனையில் இருந்த பழைய கலவை என்பது அதற்குத் துணைக்கு வந்தது. அட்டைகள் கயிற்றை விட்டு இறங்கவே இல்லை.

போன கோடையில் ஊருக்குப் போனபோது பரணை ஒதுக்கினோம். பழைய பற்று நோட்டுகள் ஒரு கட்டு கிடைத்தது. 1988-ஆம் வருட நோட்டு ஒன்றை எடுத்து வாசலில் உட்கார்ந்தேன். மேலத்தெரு அக்கா ஒருத்தியின் பக்கம். தேதி, தேதிக்கு எதிரே சரக்கு. ஒரு மாதத்தில் 'மா' இருந்த நாட்களை எண்ணினேன். பத்தொன்பது. அதில் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் 'மா 2'. ஆபீஸ் இல்லாத நாளில் ஏன் இரண்டு என்று யோசித்தேன். ஆபீஸில் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் டீ வரும், வீட்டில் அது கிடையாது. காபீனாக இருக்கும் என்பது என் ஊகம். மருத்துவர் என்னைப் புள்ளி வைக்கச் சொன்ன காலண்டரை அப்பா ஊருக்கே எழுதி வைத்திருக்கிறார். யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து புளிக்கு விதை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஒன் பக்கம் எங்கம்மா?"

"நம்ம கடைச் சரக்க நாம எடுக்கதுக்கு எவனாவது பற்று எழுதுவானா?" என்றாள். கொஞ்சம் பொறுத்து, சிரித்துக்கொண்டே, "உங்கப்பா கேப்பாரு, அட்ட கொறையுதே கொறையுதேன்னு. எலி இழுத்திருக்கும்பேன்."

நான் நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்தைத் திறந்தேன். முட்டை 2. தே.எ. சிந்தியது 50. அதற்குக் கீழே அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில், 'எலி, மா 1'. மறுநாள் 'எலி, மா 2'. ஒருநாள் விட்டு 'எலி, மா 1'. பக்கத்தைப் புரட்டினால் அடுத்த பக்கமும் அப்படியே. முட்டைக்கும் எண்ணெய்க்கும் தேதி இல்லை. எலிக்கு மட்டும் தேதி போட்டிருந்தார்.

விரல் வைத்து எண்ணினேன்.

"எத்தன?" என்றாள் அம்மா.

"சித்திரையில மட்டும் இருபத்திரண்டு நாள்."

அம்மா ஒரு புளங்கொட்டையைச் சுளகில் போட்டாள். "அந்த வருசம் வெயிலு சாஸ்தி" என்றாள்.